காற்றும் சேறும்: அண்ணன் வீட்டு வெந்நீர்க் கணப்பு



போன மாதம் ஒரு நாள் இரவு, படுக்கப் போகும் நேரத்தில், பாரிஸ் பக்கத்திலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, மாடி ரூம் ரேடியேட்டர் மேல்பக்கம் சில்லென்று இருக்கிறது. திறந்து காற்றை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டான். "திறக்காதே. முதலில் நிலவறைக்குப் போய் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்றேன். "என்ன சித்தப்பா, பிளம்பர் மாதிரி பேசுகிறீர்கள்?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முள்ளைப் பற்றி நான் தெரிந்துகொண்ட விதம் அவனுக்கு முழுதாகத் தெரியாது.

நம் புதுச்சேரியில் பல வீடுகளுக்கு பிரான்சில் ஒரு பிள்ளையோ, அண்ணன் தம்பியோ இருக்கிறார்கள். வயதான பிறகு நாமும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று போய்த் தங்குகிறோம். குளிர்காலத்தில் அந்த வீட்டைக் காப்பாற்றுவது சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்தான். அதற்குள் ஓடுவது வெறும் வெந்நீர். அந்த வெந்நீரின் சரித்திரத்தையும், அதற்கு நான் செய்த கெடுதலையும் இன்று எழுதிவிடுகிறேன்.

1962-இல் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது அண்ணனுக்கு இருபத்தொரு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சொல்தாவாகப் போய்விட்டார். எனக்குப் பன்னிரண்டு. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் நான் இங்கேயே தங்கினேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அண்ணன் பாரிசுக்கு வடக்கே புறநகரில் ஒரு பழைய வீடு வாங்கினார். 1930-களில் கட்டிய வீடு. நிலவறையில் ஒரு காலத்தில் நிலக்கரி அடுப்பு இருந்து, பிறகு எரிவாயுக் கொதிகலன் வந்தது. ரேடியேட்டர்கள் மட்டும் அந்தக் காலத்து வார்ப்பிரும்பு.

நான் 2010 ஜூனில் ஓய்வு பெற்று, நவம்பரில் அங்கே போனேன். எனக்குக் கீழே வெதுவெதுப்பான அறையைக் கொடுத்துவிட்டு, அண்ணன் மாடியில் குளிர்ந்த அறையில் படுத்துக்கொண்டார். "என்ன அண்ணே இது?" என்றால், "சொல்தாவுக்கு என்னடா குளிரு" என்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. கொதிகலனோடு வந்த குறிப்புப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. நான் பிரெஞ்சில் படித்தவன், முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன். ஒரே இரவில் படித்து முடித்தேன். மறுநாளிலிருந்து அந்த வீட்டின் கணப்புக்கு நானே பொறுப்பு என்று அறிவித்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு சொல் இருந்தது: 'புர்ழே'. ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் உள்ள சின்னத் திருகைச் சாவியால் திறந்து காற்றை வெளியேற்றுவதற்கு பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல். சிறு வயதில் லீவு விட்டால் விளக்கெண்ணெய் கொடுத்து நம் வயிற்றைக் கழுவினார்களே, அதற்கும் அதே சொல்தான். ரேடியேட்டருக்கும் பேதி மருந்து! எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

தண்ணீருக்குள் காற்று எப்படி வருகிறது? தவலையில் வெந்நீர் போடும்போது, கொதிப்பதற்கு வெகு முன்பே, பக்கங்களில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆவி அல்ல, குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று. 10 டிகிரி குளிர்ந்த தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். சூடு ஏற ஏற அவ்வளவையும் அதனால் வைத்திருக்க முடியாது. அழுத்தமும் ஒரு காரணம். 1803-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி, அழுத்தம் கூடினால் தண்ணீரில் கரையும் வாயுவும் அதே அளவில் கூடும் என்று காட்டினார். நமக்குக் கோலி சோடா போதும். கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் போகிறது, குமிழி பொங்குகிறது. வீட்டில் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் குறையும். ஆகவே காற்று பிரிந்து போய் உட்காருவது எப்போதும் மாடியில்தான். அண்ணன் அறை குளிர்ந்ததற்குக் காரணம் அதுவே.

இந்தத் தொல்லை புதிதல்ல. பிரான்சின் நடுமலைப் பகுதியில் ஷோத்-ஸேக் என்ற சிற்றூர் இருக்கிறது. பெயருக்கே 'சுடுதண்ணீர்' என்று பொருள். அங்கே 82 டிகிரி வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. 14-ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு விட்டுத் தரையைச் சூடாக்கியிருக்கிறார்கள். 1332-ஆம் ஆண்டு ஆவணத்தில் அது இருக்கிறது. ஆனால் அது ஓடிப் போகிற தண்ணீர். ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் யோசனை வெகு காலம் கழித்து வந்தது. 1716-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஒரு செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டை வெந்நீரால் சூடாக்கினார். 1777-இல் போன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை ஒழுங்கான முறையாக்கினார். மனிதர்களுக்காக அல்ல, கோழிக் குஞ்சுக்காக!

முட்டை பொரிக்க ஒரே சீரான சூடு வேண்டும். அடுப்பு வைத்தால் ஒரு மூலை வேகும், மறு மூலை குளிரும். போன்மேன் கொதிகலனிலிருந்து குழாயை மேலே ஏற்றி, பொரிக்கும் அறை முழுக்கச் சுற்றவிட்டு, மறுபடி கொதிகலனின் அடிக்கே கொண்டுவந்தார். சூடான தண்ணீர் லேசானது, ஏறும். ஆறிய தண்ணீர் கனமானது, இறங்கும். பம்பு கிடையாது. உலோகம் சூட்டில் நீள்வதை வைத்து, அடுப்புக்குப் போகும் காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியும் செய்தார். பாரிஸ் சந்தைக்குக் கோழி அனுப்பினார். புரட்சி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அரசியல் மாறினால் யாருடைய பிழைப்பு எங்கே போகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கனத்த தண்ணீருக்கும் லேசான தண்ணீருக்கும் உள்ள எடை வித்தியாசம் மிகச் சொற்பம். அந்தச் சொற்ப பலத்தில்தான் முழு வீட்டுத் தண்ணீரும் சுற்ற வேண்டும். குழாயின் ஒரு மேட்டில் கையளவு காற்று உட்கார்ந்துவிட்டால் போதும், ஓட்டம் நின்றுவிடும். புரட்சிக் காலத்தில் பிரான்சை விட்டு ஓடியவர்களில் ஒருவரான ஷபான் பிரபு, இந்த வெந்நீர் முறையை லண்டனுக்குக் கொண்டுபோனார். 1837-இல் சார்லஸ் ஹூட் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1850-களில் பீட்டர்ஸ்பர்க் நகரில் சான் கல்லி என்பவர் இரும்பு ரேடியேட்டரை உருவாக்கினார். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் எல்லோரும் காற்றுக்கு வழிவிட்டுத்தான் வேலை செய்தார்கள். குழாயை மட்டமாகப் போட மாட்டார்கள். லேசான ஏற்றம் வைத்து, காற்று தானாகவே மேலே போய், பரணில் இருக்கும் திறந்த தொட்டி வழியாக வெளியேறும்படி விடுவார்கள். அண்ணன் வீட்டு நிலவறையில் கையகலப் பழைய குழாய்கள் இன்றும் ஏற்றமாகத்தான் ஓடுகின்றன. முதலில் பார்த்தபோது, கட்டியவன் மட்டம் தெரியாதவன் என்று நினைத்தேன். தெரியாதவன் நான்தான்.

அந்தத் திறந்த தொட்டிக்கு ஒரு குறை உண்டு. காற்று வெளியே போகும் அதே வாய் வழியாகப் புதுக் காற்றும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறையும், மறுபடி ஊற்றுவார்கள். லண்டனில் வாழ்ந்த பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர், 1831-இல் கனத்த சிறு இரும்புக் குழாய்களை முழுவதும் மூடி, கொதிநிலைக்கும் மேலே சூடேற்றும் முறைக்கு உரிமம் வாங்கினார். வீடுகளுக்கு அவ்வளவு சூடும் அழுத்தமும் ஆகவில்லை. ஆனால் மூடிவைப்பது என்ற யோசனை நின்றது. 1929-இல் ஜெர்மனியின் ஓப்லேண்டர், குழாய்க்குள்ளேயே பொருந்தும் மின்சாரச் சுழற்சிக் கருவிக்கு உரிமம் பெற்றார். பம்பு வந்ததும் குழாய் மெலிந்தது, ஏற்றம் வைப்பது மறந்தது. பிறகு பரண் தொட்டிக்குப் பதில் நிலவறையில் ஒரு மூடிய குடுவை வந்தது.

அந்தக் குடுவையைக் கொஞ்சம் கவனியுங்கள். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் தண்ணீர் கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கும். அண்ணன் வீட்டைப் போல 200 லிட்டர் பிடிக்கும் வீட்டில் அது ஏறக்குறைய 6 லிட்டர். குடுவைக்கு நடுவே ஒரு ரப்பர்த் தோல், ஒரு பக்கம் அடைத்த வாயு, மறு பக்கம் தண்ணீர். பெருகிய தண்ணீர் தோலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், ஆறியதும் திரும்பிப் போகும். வெளிக்காற்று தண்ணீரைத் தொடவே தொடாது. தோல் கிழிந்தால் பெருகிய தண்ணீருக்குப் போக்கிடமில்லை. அழுத்தம் 3 பாரைத் தொடும்போது காப்பு வால்வு திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுவிடும். எல்லாம் ஆறிய பிறகு அழுத்தம் குறைந்து நிற்கும்.

இனி என் கதை. ரேடியேட்டர்களைத் திறந்து காற்று எடுத்தேன். 'உஸ்' என்று சத்தம் வந்து, பின் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினேன். அழுத்தமானி 0.6-க்கு இறங்கியிருந்தது. புத்தகத்தில் சொன்னபடி நிரப்பும் குழாயைத் திறந்து 1.5 ஆக்கினேன். மாடி ரேடியேட்டர் முழுக்கச் சூடாயிற்று. அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடா, சர்க்கார் உத்தியோகம் வீண் போகல" என்றார். மறுநாள் காலை முள் மறுபடி 0.6. மறுபடி நிரப்பினேன். இரண்டு நாளில் மாடியில் மறுபடி காற்று, மறுபடி 'புர்ழே'. இப்படியே தினமும். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, காலை அழுத்தம், நிரப்பிய பின் அழுத்தம் என்று மூன்று பத்தியில் எழுதி வைத்தேன். இருபத்துமூன்று நாள் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன்.

அந்த டிசம்பரில் பாரிசில் பெரும் பனி கொட்டியதே, ஞாபகம் இருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொதிகலன் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். நான்கு இரவு வீட்டில் கணப்பு இல்லை. சின்ன மின் அடுப்பு ஒன்றுதான். அதை அண்ணன் என் அறையில் வைத்துவிட்டார். "நீ ஊர்லேருந்து வந்தவன்" என்றார்.

வந்தவர் வயதான மனிதர். ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தார். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்று. மேலே சூடாக இருந்து நடு அடியில் குளிர்ந்திருந்தால் சேறு. கீழ்த்தளத்து ரேடியேட்டர்களில் சேறு. அடியில் இருந்த திருகைத் திறந்து வாளியில் பிடித்தார். வந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பு. ஒரு காந்தத்தை வாளியின் வெளிப்பக்கம் வைத்தார். உள்ளே இருந்த கறுப்பு, சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அது இரும்பு. ரேடியேட்டரே கரைந்து சேறாகியிருந்தது.

நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிஸ்யே, தினமும் இவ்வளவு தண்ணீர் உள்ளே விட்டிருக்கிறீர்கள். அது எங்கே போயிற்று?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வரவு எழுதியிருந்தேன். செலவு எழுதவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு கணக்கு என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தண்ணீர் காப்பு வால்வு வழியாகச் சாக்கடைக்குப் போயிருந்தது. வால்வின் குழாய் சுவருக்குள் மறைந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. குடுவைத் தோல் முன்பே கிழிந்திருக்கிறது. ராத்திரி சூடாகும்போது தண்ணீர் வெளியேறும், காலையில் முள் இறங்கும், நான் புதுத் தண்ணீர் விடுவேன். புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜன் வரும், அது இரும்பைத் தின்னும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் சூட்டில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்து அந்தக் கறுப்புப் பொடியாகும்போது ஹைட்ரஜன் வாயு பிரியும். அதுவும் மாடிக்குப் போகும். நான் அதைக் காற்று என்று திறந்துவிட்டு, குறைந்த அழுத்தத்துக்குப் பதில் மறுபடி புதுத் தண்ணீர். பாரிஸ் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு அதிகம். அது கொதிகலனுக்குள் படிந்தது. ரேடியேட்டருக்குள் பல வருடமாக ஓடும் பழைய தண்ணீர் பார்க்க அழுக்கு, ஆனால் ஆக்சிஜன் தீர்ந்து சாந்தமாகிவிட்ட தண்ணீர், இரும்புக்கு அதுதான் நல்லது என்று அவர் விளக்கினார். சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றி நான்தான் அந்த வீட்டை அழுக்காக்கினேன்.

வேலை மூன்று நாள் நடந்தது. குடுவையை மாற்றினார். ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். ஒரு பம்பு இயந்திரத்தைக் கோத்து, குழாய்களுக்குள் தண்ணீரை முன்னும் பின்னுமாக ஓட்டினார். ஆறிய தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்பும் வழியில் ஒரு கனத்த குடுவை வைத்தார். அங்கே தண்ணீர் வேகம் குறையும், சேறு அடியில் தங்கும், காந்தம் பிடித்துக்கொள்ளும். அதற்கு பிரெஞ்சில் 'சேற்றுப் பானை' என்றே பெயர். கொதிகலனிலிருந்து வெளியேறும் வழியில் காற்றைப் பிரிக்கும் கருவி. தண்ணீர் அதிகம் சூடாக இருக்கும் இடம் அதுதான், காற்று பிரிவதும் அங்கேதான். கடைசியில் துருப் பிடிக்காமல் தடுக்கும் மருந்தைக் கலந்து நிரப்பி மூடினார்.

அதற்குள் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பத்து நாள் இருந்தார். அண்ணி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் மாடி அறைக்குப் போய் ரேடியேட்டரை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். நான் என்ன செய்தேன் என்று மெக்கானிக் அவரிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். 2019-இல் போகும் வரையில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அங்கே போய்த் தங்கும் நண்பர்களுக்கு இரண்டு விஷயம். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முறை காற்று எடுப்பது சரி. கணப்பை நிறுத்தி ஆறவிட்டு, தீக்குச்சி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல், கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போங்கள். ஆறிய நிலையில் முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே இருந்தால் போதும். ஆனால் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் தண்ணீர் விட வேண்டி வந்தால் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அண்ணன் மகன் நிலவறைக்குப் போய் வந்து சொன்னான்: முள் 1.3. போன வருடமும் அதேதான். "அப்படியென்றால் ஒரு முறை திறந்து காற்றை விடு. சேற்றுப் பானையையும் திறந்து பார், கறுப்பாக எவ்வளவு வருகிறது என்று சொல்" என்றேன். ஒரு டம்ளர் அளவு வந்ததாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அண்ணனுடைய பழைய எவர்சில்வர் டம்ளரில் பிடித்திருக்கிறான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.